ஜாமீன் கம்பெனி ஆட்கள் வாரண்டு இல்லாமல் வீட்டுக்குள் வரலாமா?

கேள்வி இதுதான். டெக்ஸாஸில் டாலஸ் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம். நான்கு மாதத்துக்கு முன்புதான் இப்போதிருக்கும் வாடகை வீட்டுக்கு மாறியிருக்கிறார்கள். ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு மூன்று பேர் கதவைத் தட்டியிருக்கிறார்கள். மார்பில் குண்டு துளைக்காத அங்கி, இடுப்பில் துப்பாக்கி. முன்பு அந்த வீட்டில் குடியிருந்த ஒருவர் ஜாமீனில் வெளியே வந்து, வாய்தாவுக்குப் போகாமல் தலைமறைவாகிவிட்டாராம். "நாங்கள் ஜாமீன் கம்பெனி ஆட்கள். எங்களுக்கு வாரண்டு தேவையில்லை. உள்ளே பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். கணவர் ஊரில் இல்லை. மனைவி பயந்துபோய் உள்ளே விட்டுவிட்டார். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்த அறையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "திரும்ப வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது கணவர் கேட்கிறார்: "போலீஸே வாரண்டு இல்லாமல் வரக்கூடாது என்கிறார்களே, இவர்கள் மட்டும் எப்படி வரலாம்? அடுத்த தடவை வந்தால் கதவைத் திறக்க வேண்டுமா?"

திறக்க வேண்டியதில்லை. டெக்ஸாஸ் சட்டப்படி, வீட்டில் இருப்பவர் சம்மதிக்காமல் அவர்கள் உள்ளே கால் வைக்கக்கூடாது. ஆனால் இந்தப் பதிலை அப்படியே வேறு மாநிலத்தில் இருக்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ அனுப்பிவிடாதீர்கள். மாநிலம் மாறினால் பதில் மாறும். தேடப்படும் ஆள் உங்களோடு ஒரே வீட்டில் குடியிருந்தால் மாறும். நீங்கள் ஜாமீன் கம்பெனித் தாளில் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தாலும் மாறும். நான் வக்கீல் இல்லை; கிரிமினல் வழக்குகள் நடத்தும் ஒரு அலுவலகத்தில் பல வருஷம் பாராலீகலாக, அதாவது வக்கீல்களுக்கு உதவியாளராக, வேலை பார்த்தவன். இந்த மாதிரிப் புகார்களோடு வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் உரிமை என்ன என்பதே தெரிந்திருக்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர் ஜாமீனை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த விஷயம் புரியவே புரியாது. அங்கே ஜாமீன்தாரர் என்றால் சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ. சொத்து ஆவணத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டில் வந்து நிற்பார். ஆள் ஓடிவிட்டால் அவர் தேடிப் போய்க் கையைக் கட்டி இழுத்துவர முடியாது. மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு, என்னை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவியுங்கள் என்று கேட்கலாம். பிடிப்பது போலீஸ் வேலை.

அமெரிக்காவில் ஜாமீன் ஒரு வியாபாரம். உலகத்தில் இது இப்படிப் பெரிய தொழிலாக நடப்பது அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும்தான். கோர்ட் 10,000 டாலர் ஜாமீன் வைத்தால், குடும்பத்தார் ஜாமீன் கம்பெனிக்கு வழக்கமாக 10 சதவீதம், அதாவது 1,000 டாலர் கட்டுவார்கள். அது கட்டணம்; வழக்கு முடிந்தாலும் திரும்ப வராது. முழுத் தொகைக்கும் கம்பெனி கோர்ட்டுக்குப் பொறுப்பேற்றுப் பத்திரம் கொடுக்கும். ஆள் வாய்தாவுக்கு வரவில்லையென்றால் கோர்ட் கம்பெனியிடம் முழுத் தொகையைக் கேட்கும். ஆனால் உடனே கேட்காது, தவணை கொடுக்கும். கலிஃபோர்னியாவில் அந்தத் தவணை 180 நாள். அறிவிப்பு தபாலில் போனால் இன்னும் 5 நாள் சேரும். அதற்குள் ஆளைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் பணம் தப்பும். அந்த நாட்களில்தான் உங்கள் கதவு தட்டப்படுகிறது. வந்தவர்கள் பெரும்பாலும் கம்பெனியின் சம்பளக்காரர்கள்கூட இல்லை. ஆளைப் பிடித்துக் கொடுத்தால் பத்திரத் தொகையில் ஒரு பங்கு என்று பேசிக்கொண்டு வருபவர்கள். பவுண்டி ஹன்டர் என்று சினிமாவில் காட்டுவது இவர்களைத்தான். சட்டத்தில் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது; நான் ஜாமீன் ஏஜென்ட் என்றே சொல்கிறேன். பிடித்தால்தான் காசு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதவருகே அவர்கள் காட்டும் அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

சரி, "எங்களுக்கு வாரண்டு தேவையில்லை" என்று அவர்கள் சொன்னது பொய்யா? முழுப் பொய் இல்லை. அந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் அது எங்கே நின்றுவிடுகிறது என்பதும் தெரியும்.

1872-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெய்லர் எதிர் டெய்ன்டர் என்ற வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. மக்குவயர் என்பவர் மேல் கனெக்டிகட் மாநிலத்தில் திருட்டு வழக்கு. 8,000 டாலர் ஜாமீனில் வெளியே வந்து நியூயார்க் போய்விட்டார். மெய்ன் மாநிலத்தில் அவர் மேல் வேறொரு கொள்ளை வழக்கு இருந்தது. நியூயார்க்கில் அவரைப் பிடித்து மெய்னுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே 15 வருஷம் தண்டனை. கனெக்டிகட் வாய்தாவுக்கு அவர் எப்படி வர முடியும்? கனெக்டிகட் அரசு ஜாமீன்தாரர்களிடம் பணத்தைக் கேட்டது. வேறொரு மாநிலம் ஆளைப் பிடித்து வைத்திருக்கும்போது நாங்கள் எப்படிக் கொண்டுவருவது என்பது அவர்கள் வாதம். எடுபடவில்லை, பணத்தைக் கட்டு என்றுதான் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் போகிறபோக்கில் எழுதிய ஒரு பத்திதான் ஒன்றரை நூற்றாண்டாக இந்தத் தொழிலைத் தாங்கி நிற்கிறது. ஜாமீனில் போன ஆள் ஜாமீன்தாரரின் காவலில் இருப்பதாகவே கருத வேண்டும். பழைய சிறைவாசம் தொடர்கிறது என்றே அர்த்தம். ஜாமீன்தாரர் நினைத்த நேரத்தில் அவனைப் பிடிக்கலாம், தானே போகலாம் அல்லது ஆளை அனுப்பலாம், வேறு மாநிலத்துக்குத் துரத்தலாம், ஞாயிற்றுக்கிழமையிலும் பிடிக்கலாம், தேவைப்பட்டால் அவன் வீட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போகலாம், புதிய வாரண்டு எதுவும் வேண்டாம். அந்தப் பத்தியின் சாரம் இவ்வளவுதான்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அந்த வழக்கில் யாரும் யார் வீட்டையும் உடைக்கவில்லை. பணம் கட்டணுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. வீட்டைப் பற்றிய வரி தீர்ப்புக்குத் தேவைப்படாத ஒரு கருத்து. அப்படிப்பட்ட கருத்து பிற்கால நீதிமன்றங்களைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் பல மாநில நீதிமன்றங்கள் அதையே சட்டமாக எடுத்துக்கொண்டன. இரண்டாவது, எனக்கு இதுதான் முக்கியம்: அந்த வரியில் இருப்பது "அவன் வீடு". கையெழுத்துப் போட்டு வெளியே வந்தவனின் வீடு. அவனுடைய அத்தை வீடு, சிநேகிதன் வீடு, அவன் காலிசெய்துவிட்டுப் போன பிறகு வேறொருவர் குடிவந்த வீடு என்று எதுவும் அதில் இல்லை.

ஜாமீன் ஏஜென்டின் அதிகாரம் அரசு கொடுத்த அதிகாரம் கிடையாது, ஒப்பந்தத்தில் பிறந்தது. வெளியே விடுகிறேன், நீ என் பிடியில் இருக்கச் சம்மதிக்கிறாய் என்று இரண்டு பேர் பேசிக்கொண்டது. அதில் சேராத மூன்றாவது ஆளான உங்களை அந்தப் பேச்சு எப்படிக் கட்டும்? கதவுக்கு வெளியே நிற்பவர் எத்தனை ஆயுதம் வைத்திருந்தாலும், உங்களைப் பொறுத்தவரை அவர் முன்பின் தெரியாத ஒரு தனி மனிதர். இதை நன்றாக மனதில் பதித்துக்கொண்டால், மாநிலச் சட்டங்கள் எவ்வளவு குழப்பமாக இருந்தாலும் வழி தவறாது.

போலீஸோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள் அல்லவா? போலீஸுக்கு அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் வேலி போட்டிருக்கிறது. 1980-ல் பேட்டன் வழக்கில், சாதாரண சூழ்நிலையில் ஒருவரை அவர் வீட்டுக்குள் புகுந்து கைதுசெய்ய வேண்டுமென்றால் வாரண்டு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருஷமே, 1981-ல், ஸ்டீகால்டு வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது: தேடும் ஆள் பெயரில் பிடிவாரண்டு இருந்தாலும், வேறொருவர் வீட்டுக்குள் போய்த் தேடுவதற்கு அந்த வீட்டுக்கென்று தனியாகச் சோதனை வாரண்டு வேண்டும். அதாவது போலீஸே பழைய குடித்தனக்காரர் பெயரில் உள்ள வாரண்டை மட்டும் காட்டி, நீங்கள் குடியிருப்பது தெரிந்தபிறகு உங்கள் வீட்டைக் குடைய முடியாது.

ஆனால் நான்காவது திருத்தம் அரசைத்தான் கட்டும், தனி மனிதரைக் கட்டாது. ஜாமீன் ஏஜென்ட் தனி மனிதர் என்பதால் அந்த வேலி அவருக்கு இல்லை. போலீஸை விட இவருக்கு அதிகச் சுதந்திரம் இருப்பதுபோலத் தோன்றுவது இதனால்தான். எனக்கு இது சரியென்று ஒருநாளும் பட்டதில்லை. பயிற்சி பெற்ற, பதில் சொல்லும் பொறுப்புள்ள போலீஸ்காரர் நீதிபதியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரும்போது, கமிஷனுக்கு வேலை செய்பவர் எதுவும் இல்லாமல் வருவது நியாயமா? இருந்தாலும் தனி மனிதர் என்பதில் உங்களுக்கு ஒரு அனுகூலமும் உண்டு. தனி மனிதர் அத்துமீறி நுழைந்தால், நுழைந்ததற்கும் அடித்ததற்கும் துப்பாக்கி காட்டி மிரட்டியதற்கும் மற்றவர்களைப் போலவே அவரும் மாட்டுவார். சீருடை அணிந்தவர்களுக்கு இருக்கும் பாதுகாப்புகள் அவருக்கு இல்லை.

இவர்கள் போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்தால் கதை வேறு. மேரிலாந்தில் ஒரு ஜாமீன் ஏஜென்ட், போலீஸ்காரர் துணையோடு, தேடப்பட்டவரின் தாய் வீட்டுக்குள் பலவந்தமாகப் புகுந்து தேடினார். 1987-ல் நான்காவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (மேரிலாந்து உட்படச் சில மாநிலங்களுக்கான மத்திய அரசு நீதிமன்றம்), போலீஸோடு கைகோத்து வந்ததால் அந்த ஏஜென்டும் அரசின் அதிகாரத்தைப் பயன்படுத்தியவரே என்று சொல்லி, அரசியல் சாசன உரிமையை மீறியதற்காக அந்தத் தாய்க்கு அவர் பதில் சொல்ல வேண்டும் என்றது. அதனால் வாசலில் போலீஸும் நிற்கிறார்களா, நின்றால் எந்த ஊர் போலீஸ், பேட்ஜ் எண் என்ன என்று பார்த்து வைப்பது பிற்பாடு பெரிய உதவி.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். தேடப்படும் ஆளும் நீங்களும் ஒரே வீட்டில் இருந்தால்? நம் குடும்பங்களில் இது சாதாரணம். மச்சான் வந்து ஆறு மாதம் தங்குவார், ஊர்க்காரப் பையன் வேலை கிடைக்கும்வரை பேஸ்மென்டில் இருப்பான். வட கரோலினாவில் இதே மாதிரி ஒரு வழக்கு. மகன் அம்மாவோடு குடியிருந்தார். ஏஜென்ட்கள் வந்தார்கள், அம்மா வழிமறித்தார், அவர்கள் மீறி உள்ளே போனார்கள். 1998-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஏஜென்ட்கள் பக்கம்தான் நின்றது. ஜாமீனில் வந்தவர் வசிக்கும் வீடு என்றால், இன்னொருவரும் அதில் வசிக்கிறார் என்பதால் நுழையும் உரிமை போய்விடாது. தடுப்பவரை விலக்க நியாயமான அளவு பலத்தையும் பயன்படுத்தலாம் என்றது. இதைப் படிக்கும்போது அந்த அம்மாவுக்காக மனசு கனக்கிறது, ஆனால் சட்டம் அந்த மாநிலத்தில் அப்படித்தான் எழுதப்பட்டது. தீர்ப்புகள் வழியாக வளர்ந்த பழைய பொதுச் சட்டத்தைப் பின்பற்றும் மாநிலத்தில் இருப்பவர்கள், ஜாமீனில் இருக்கும் உறவினரின் கோர்ட் முகவரியாகத் தங்கள் வீட்டைக் கொடுப்பதற்கு முன்பு இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

மாநிலங்கள் எல்லாம் ஒரே பாதையில் போகவில்லை என்று சொன்னேன். அரிசோனாவைப் பாருங்கள். 1997-ல் ஃபீனிக்ஸில் முகமூடி அணிந்த ஆயுதக் கும்பல் ஒன்று ஒரு வீட்டின் கதவை உடைத்துக்கொண்டு புகுந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த இளம் ஜோடி சுடப்பட்டு இறந்தார்கள். பிடிபட்டவர்கள், நாங்கள் ஜாமீனில் ஓடிய ஆளைத் தேடி வந்த ஏஜென்ட்கள், வீடு மாறிப்போய்விட்டது என்றார்கள். விசாரித்ததில் அது கட்டுக்கதை, கொள்ளையடிக்க வந்தவர்கள் என்று போலீஸ் சொன்னது. ஆனால் அந்தப் பொய்யைச் சில நாள் நாடே நம்பியது. அன்றைய சட்டத்தில் அப்படி நடக்க இடம் இருந்ததுதான் காரணம். அதன்பிறகு அரிசோனா சட்டம் கொண்டுவந்தது: ஆட்கள் இருக்கும் குடியிருப்புக்குள், அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்களின் சம்மதம் இல்லாமல் நுழையக்கூடாது. அரசு அதிகாரி என்று நினைக்கவைக்கும் பேட்ஜோ சீருடையோ அணியக்கூடாது.

சட்டம் வந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்றில்லை. 2015 ஆகஸ்டில் அதே ஃபீனிக்ஸில், சமூக வலைத்தளத்தில் கிடைத்த ஒரு துப்பை நம்பி, ஏஜென்ட்கள் ஒரு கூட்டமாக ராத்திரி ஒரு வீட்டைச் சூழ்ந்துகொண்டு கதவைத் தட்டினார்கள். அது நகரப் போலீஸ் தலைவரின் சொந்த வீடு. ஒருவர் கைதானார். நகரத்தின் போலீஸ் தலைவருக்கே இந்தக் கதி என்றால், புதிதாகக் குடிவந்த உங்கள் வீட்டுக்கு அவர்கள் தப்பான தகவலோடு வந்ததில் ஆச்சரியமே இல்லை.

வர்ஜீனியாவில் அரிசோனா அளவுக்குப் போகவில்லை. அங்கே உள்ளே இருப்பவர்களுக்கு முதலில் வாய்மொழியாக அறிவிக்க வேண்டும், அவசரம் இல்லாதபோது உள்ளூர் போலீஸுக்கு 24 மணி நேரம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சம்மதமும் அறிவிப்பும் ஒன்றில்லை என்பதைக் கவனியுங்கள். வாஷிங்டன் மாநிலச் சட்டம், திட்டமிட்டுக் கதவை உடைத்து நுழைவது என்ற ஒன்றையே தனியாக வரையறுத்து வைத்திருக்கிறது: ஆள் உள்ளே இருக்கிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், போலீஸுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், யார் என்று தெரியும்படி உடை அணிய வேண்டும். கலிஃபோர்னியாவில் போலீஸுக்கு அறிவிப்பது பிடிக்கப்போவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள். கதவை உடைப்பது என்றால், அங்கே தனி மனிதர் கைதுசெய்வதற்கான பழைய விதி பொருந்தும். குற்றம் பெரிய குற்றமாக இருக்க வேண்டும், ஆள் உள்ளே இருக்கிறார் என்பதற்குக் காரணம் இருக்க வேண்டும், வந்த நோக்கத்தைச் சொல்லிக் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். இல்லினாய், கென்டக்கி, ஆரிகன், விஸ்கான்சின் ஆகிய நான்கு மாநிலங்களில் ஜாமீன் வியாபாரமே சட்டப்படி கிடையாது. இல்லினாய் 1960-களிலேயே அதை ஒழித்தது. 2023 செப்டம்பரிலிருந்து பண ஜாமீனையே எடுத்துவிட்டது.

உங்கள் டெக்ஸாஸுக்கு வருவோம். அங்கே ஜாமீன் கம்பெனிக்காக ஓடிய ஆளைப் பிடிக்கும் வேலையை யார் வேண்டுமானாலும் செய்ய முடியாது. போலீஸ் அதிகாரம் உள்ளவர், உரிமம் பெற்ற தனியார் துப்பறிவாளர், துப்பாக்கி ஏந்த அனுமதி பெற்று உரிமமுள்ள காவல் நிறுவனத்தில் வேலைசெய்யும் செக்யூரிட்டி அதிகாரி ஆகிய மூன்று வகையினர்தான் செய்யலாம். அப்படி வரும் துப்பறிவாளருக்கு மாநிலத்தின் தொழில் சட்டம் மூன்று தடைகள் போட்டிருக்கிறது. குடியிருப்பவர் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது. ஓடிய ஆள் மேல் உள்ள பிடிவாரண்டைக் கம்பெனியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நிறைவேற்றக்கூடாது. அரசு ஆள் என்று எண்ணவைக்கும் பேட்ஜ், சீருடை, சின்னம் எதுவும் கூடாது. மீறினால் அது ஸ்டேட் ஜெயில் ஃபெலனி என்ற வகைக் குற்றம். 180 நாளிலிருந்து 2 வருஷம்வரை சிறை. உரிமமே இல்லாமல் இந்த வேலைக்கு வந்தாலும் அதே வகைக் குற்றம்தான். "எங்களுக்கு வாரண்டு தேவையில்லை" என்ற பழைய வசனம் டெக்ஸாஸ் வாசற்படியில் செல்லாது.

உங்கள் மனைவி உள்ளே விட்டுவிட்டாரே, அது சம்மதம் ஆகிவிட்டதா என்பது உங்கள் மனதில் இருக்கும். அவரைத் தயவுசெய்து குறை சொல்லாதீர்கள். ராத்திரி பத்தரைக்கு ஆயுதத்தோடு மூன்று பேர் நின்றால் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். டெக்ஸாஸ் தண்டனைச் சட்டம், பலவந்தம், மிரட்டல், ஏமாற்று ஆகியவற்றால் பெற்ற சம்மதம் செல்லாது என்று தெளிவாகச் சொல்கிறது. போலீஸ் விஷயத்தில் 1968-லேயே உச்ச நீதிமன்றம் இதேபோல ஒன்றைச் சொல்லியிருக்கிறது. வட கரோலினாவில் பேரனைக் குற்றவாளியாகக் காட்டுவதற்குத் தடயம் தேடி வந்த போலீஸார், எங்களிடம் வாரண்டு இருக்கிறது என்று சொன்னதும் பாட்டி கதவைத் திறந்துவிட்டார். அதிகாரம் இருக்கிறது என்று சொன்னபிறகு ஒதுங்கி நிற்பது சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். உங்கள் வீட்டில் நடந்ததும், அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொன்னதை நம்பி ஒதுங்கி நின்றதுதான். இதை ஒரு வக்கீல் எடுத்து வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு அன்று அவர்கள் சொன்ன வார்த்தைகள் வேண்டும். மனைவிக்கு நினைவிருக்கும் வரை, தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்பதையெல்லாம் இன்றே எழுதச் சொல்லுங்கள். காலிங்பெல் கேமரா இருந்தால் அந்தப் பதிவு அழிந்துபோவதற்குள் இறக்கி வையுங்கள். பல கேமராக்களில் சில வாரங்களுக்கு மேல் தங்காது.

கையெழுத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தும். நண்பருக்காகவோ தம்பிக்காகவோ ஜாமீன் கம்பெனியில் கோ-சைன் பண்ணப் போகும்போது, நள்ளிரவில் ஜெயில் வாசலில் நின்றுகொண்டு ஆறேழு பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். யாரும் படிப்பதில்லை. தொகைக்கு நீங்கள் பொறுப்பு என்பது முதல் பக்கத்திலேயே இருக்கும். பின்பக்கங்களில், ஆளைத் தேடி எப்போது வேண்டுமானாலும் என் வீட்டுக்குள் வரச் சம்மதிக்கிறேன், என் போன் விவரங்களைப் பார்க்கச் சம்மதிக்கிறேன் என்றெல்லாம் வரிகள் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதில் கையெழுத்துப் போட்டவுடன் நீங்கள் மூன்றாவது ஆள் இல்லை, ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டீர்கள். அப்படிப்பட்ட வரி எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் வழக்காட இடம் உண்டு. ஆனாலும் கதவை உடைத்த பிறகு வழக்காடுவதை விட, கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை அடிக்கச் சொல்வது மேல். அடிக்க மறுத்தால் வேறு கம்பெனி பாருங்கள்.

தொகை சின்னது, வழக்கு சின்னது என்று நினைத்து அசட்டையாக இருக்கவும் கூடாது. மொன்டானா மாநிலத்தில் லோலோ என்ற ஊரில், போக்குவரத்து விதிமீறல் வழக்கு ஒன்றில் வாய்தாவைத் தவறவிட்ட ஒருவர் வீட்டுக்குள் 2017-ல் ஆயுதம் தாங்கியவர்கள் கதவை உடைத்துக்கொண்டு படுக்கையறை வரை போனார்கள். மனைவியும் நான்கு வயது மகளும் அதே அறையில். பின்பு அந்தக் குடும்பம் ஜாமீன் கம்பெனி, அதற்குப் பின்னால் இருந்த இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் உட்பட எல்லோர் மேலும் வழக்குப் போட்டது, சமரசத்தில் முடிந்தது. இது அவர் சொந்த வீடு, அவர் கையெழுத்துப் போட்டவர். அப்படியிருந்தும் கேள்வி கேட்க முடிந்தது.

அடுத்த தடவை வந்தால் என்ன செய்வது? கதவைத் திறக்காமலேயே பேசுங்கள். சங்கிலி மாட்டித் திறப்பதும் வேண்டாம். பாதி திறந்த கதவில் கால் வைப்பது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். "இந்த வீட்டுக்கு நாங்கள் புதிதாகக் குடிவந்தோம், நீங்கள் தேடுபவர் இங்கே இல்லை, உள்ளே வர நான் சம்மதிக்கவில்லை" என்பதை உரக்க, தெளிவாக, ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம், அதைக் கேமராவில் பதிவாகும்படி சொல்லுங்கள். உரிமத்தையும் கம்பெனியின் அனுமதிக் கடிதத்தையும் ஜன்னலில் காட்டச் சொல்லிக் கேளுங்கள், போனில் படம் எடுங்கள். போகாவிட்டால் போலீஸ் அவசர எண் 911-ஐக் கூப்பிடுங்கள். வந்திருப்பவர்கள் ஜாமீன் ஏஜென்ட்களா, அந்தப் பெயரைச் சொல்லும் கொள்ளையரா என்பது உங்களுக்குத் தெரியாது. போலீஸிடமும் அதையே சொல்லுங்கள். உண்மையான ஏஜென்ட் என்றால் போலீஸ் வருவதில் அவருக்குப் பயம் இருக்கக் கூடாது.

ஒருவேளை மீறி உள்ளே வந்துவிட்டால் கையை ஓங்காதீர்கள். டெக்ஸாஸில் வீட்டைக் காக்கச் சுடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். துப்பாக்கி வைத்திருந்தால் அதை எடுக்காதீர்கள். இருட்டில், கூச்சலில், இரண்டு பக்கமும் துப்பாக்கி இருக்கும் வீட்டில் யார் சரி என்பதைக் கண்டுபிடிக்கும்போது யாராவது இறந்திருப்பார்கள், அது பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையாகவும் இருக்கலாம். குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஓரமாக நில்லுங்கள், நான் சம்மதிக்கவில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், 911 லைனைத் துண்டிக்காதீர்கள். அப்புறம், தேடப்படும் ஆளைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரிந்திருந்தால் பொய் சொல்லாதீர்கள். பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு. ஒளித்து வைப்பதும் தப்பிக்க உதவுவதும் தனிக் குற்றம், அது இந்த வீட்டு உரிமையை எல்லாம் சிக்கலாக்கிவிடும்.

அவர்கள் திரும்ப வருவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வந்தவர்கள் ஏதாவது கார்டு விட்டுப்போயிருந்தால் அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இந்தத் தேதியிலிருந்து நாங்கள் குடியிருக்கிறோம், இதோ வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கம், தேடப்படுபவரோடு எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை, இனி இந்த வீட்டுக்குள் நுழைய யாருக்கும் சம்மதம் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறமும் வந்தால், ஆள் அங்கே இருப்பதாக நம்பினோம் என்று அவர்கள் சொல்வது எடுபடாது. அபார்ட்மென்ட் என்றால் மேனேஜரிடமும் சொல்லி வையுங்கள். பழைய குடித்தனக்காரர் எப்போது காலிசெய்தார் என்ற பதிவு அவர்களிடம் இருக்கும், மாற்றுச் சாவியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம்.

நடந்துமுடிந்ததற்குப் புகார் கொடுக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. வந்தவர்களின் உரிமம் டெக்ஸாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் தனியார் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும். உரிமமே இல்லையென்றால் அதையும் அங்கேதான் சொல்ல வேண்டும். ஜாமீன் கம்பெனியின் உரிமம் கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) ஜாமீன் வாரியத்திடம். டெக்ஸாஸில் 1,10,000 பேருக்கு மேல் வசிக்கும் ஒவ்வொரு கவுன்டியிலும் அப்படி ஒரு வாரியம் உண்டு, உங்கள் கவுன்டியும் அதில் வரும். அந்த வாரியத்தில் கவுன்டியின் நீதிபதிகளும், அதன் போலீஸ் தலைவரான ஷெரிஃபும் உட்கார்ந்திருப்பார்கள். மனைவி எழுதி வைத்த குறிப்பையும் கேமராப் பதிவையும் இணைத்து இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள்.